அறிவை அளக்கும் கோல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பிலாய் உருக்காலைக் குடியிருப்பில் வாழும் நமக்கு அளவைகளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலையில் கொதிக்கும் இரும்பின் வெப்பத்தை முழக்கோலால் அளப்பார் உண்டோ? தண்டவாளத்தின் நீளத்தைத் தராசில் நிறுப்பார் உண்டோ? ஆலையில் ஒருநாளும் செய்யாத இப்பிழையை, நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் நாமே செய்துவிட்டோம்.

சென்ற ஆண்டு நம் வகுப்பில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் பயின்றான். குறளை இருமுறை கேட்டால் மறவாதவன். பொருள் கேட்டால் தன் சொற்களாலேயே விளக்குபவன். ஆண்டுத் தேர்வில் நாம் அவனுக்கு அளித்த மதிப்பெண் நூற்றுக்கு 18. 'கவனமில்லை, சோம்பல்' என்று குறிப்பும் எழுதினோம். மற்றக் குழந்தைகள் மேடையேறிப் பரிசு பெற்றபொழுது, அவன் கடைசி வரிசையில் அன்னையின் முந்தானையைப் பற்றியபடி அமர்ந்திருந்தான். அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. சில திங்கள் கழித்துப் பெற்றோர் வல்லுநரிடம் காட்டியபொழுதுதான், அவனுக்கு இருப்பது 'டிஸ்லெக்சியா' என்னும் வாசிப்புக் குறைபாடு என்று தெரியவந்தது.

இது அறிவின் குறைவு அன்று; சோம்பலும் அன்று. எழுத்தையும் ஒலியையும் விரைந்து இணைப்பதில் மூளைக்கு நேரும் இடர்ப்பாடு. 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், வாசிப்பு மட்டும் வாராத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியில் இவனே முதல்வனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் குறித்தார். நூற்றாண்டுக்கு முன் அவ்வாசிரியர் கண்டதை நாம் காணத் தவறினோம்.

ஆகவே, வினாத்தாள் எழுதுமுன் நம்மை நாமே கேட்க வேண்டியது ஒன்றே: இவ்வினாவால் எதை அளக்கப் போகிறோம்? குறளின் பொருளை அறிவானா என்பதே நோக்கமாயின், வினாவை உரக்கப் படித்துக் காட்டுவதும் விடையை வாய்மொழியாகக் கேட்பதும் முற்றும் நேர்மையே. அங்கே ரகர றகர மயக்கத்துக்காக மதிப்பெண்ணைக் குறைத்தல் முறையன்று. பிழையற எழுதுகிறானா என்பது நோக்கமாயின், அதனைத் தனியே சோதிப்போம். அம்மதிப்பெண்ணையும் தனியே குறிப்போம். ஒன்றன் குறை மற்றொன்றன் நிறையை மறைத்தல் ஆகாது.

ஆங்கிலத்தைப் போலன்றித் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரிதும் ஒழுங்கானது. ஆதலால் இக்குறைபாடுள்ள குழந்தை தமிழைப் பெரும்பாலும் பிழையின்றிப் படித்துவிடவும் கூடும். ஆனால் மிக மெதுவாகவே படிக்கும். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் இடரை உணரார். கடிகாரத்தை மட்டும் நோக்குபவர் சோம்பேறி என்பார். இத்தகைய குழந்தைக்குக் கூடுதல் நேரம் அளித்தல் இன்றியமையாதது.

'இது மற்றக் குழந்தைகளுக்கு அநீதியன்றோ?' என்று சிலர் வினவக்கூடும். கண்ணாடி அணிந்து தேர்வெழுதுபவனைக் கண்டு யாரும் பொறாமை கொள்வதில்லை. கண்ணாடி விடையைச் சொல்லித் தருவதில்லை. வினாவைக் காணச் செய்கிறது, அவ்வளவே. சொல்வதை எழுதித் தருபவரும் அவ்வாறே. குழந்தை சொன்னதற்கு மேல் ஓர் எழுத்தும் அவர் கூட்டலாகாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் இக்குறைபாட்டையும் தன் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் துணை, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அது எடுத்துரைக்கிறது. சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில், தக்க சான்றிதழ் உடையவர்க்கு 3 மணி நேரத் தாளுக்கு மேலும் 1 மணி நேரம் உண்டு. ஆயினும் ஏட்டில் உள்ளது தேர்வுக் கூடத்தில் தானே வந்து சேர்வதில்லை. 2021-ஆம் ஆண்டு நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்குக் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது. அது தவறென்று அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் மறுதேர்வுக்கு ஆணையிடவில்லை. இழந்த மணி இழந்ததே! எனவே பெற்றோர் சான்றிதழைப் பல திங்கள் முன்னரே பெற்றுப் பள்ளியில் பதிவு செய்தல் வேண்டும். தான் சொல்லப் பிறர் எழுதும் பழக்கமும் ஒருநாளில் வருவதன்று; அதனை வீட்டிலேயே முன்கூட்டிப் பயிற்றுதல் நன்று.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. நம் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். அண்மையில் இங்கு வந்த குழந்தை இந்தியில் இடறினால், அது புதுமொழியின் தடுமாற்றமாகவே இருக்கலாம். உடனே குறைபாடு என முடிவு கட்டலாகாது. 'மூன்று மொழி படிக்கிறான், அதனால் குழம்புகிறான்' என்று ஆண்டுக்கணக்கில் வாளாவிருத்தலும் தவறே. குழந்தை நன்கறிந்த மொழியிலும் சோதித்துப் பார்க்குமாறு வல்லுநரை வேண்டுதல் நம் கடமை.

இவ்வாண்டு முதல் நம் தமிழ் வகுப்பில் வாய்மொழித் தேர்வும் எழுத்துத் தேர்வும் தனித்தனியே நடைபெறும். வினாத்தாள் பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம்விட்டு அச்சாகும். விரும்பாத குழந்தையை எழுந்து நின்று உரக்கப் படிக்குமாறு இனி வற்புறுத்தோம்.

அச்சிறுவனின் இல்லத்துக்கு நேரில் சென்று, பிழை எம்முடையது என்று அவனிடமே கூறினோம். வகுப்புக்கு வருவதாக அவன் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் முதல் வரிசையில் அவனுக்கென ஓர் இடம் காத்திருக்கும்.