பழைய அச்சுப்பொறியும் யூனிக்ஸ் மரபும்



கவிஞர் கூடிய அவையில் அச்சுப்பொறியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். இலக்கிய வட்டங்களின் வரலாற்றில் பாதி, அச்சின் வரலாறுதான். கையெழுத்து ஏடு, ஸ்டென்சில் வெட்டி உருட்டிய துண்டறிக்கை, அதன்பின் கணிப்பொறியோடு வந்த டாட் மேட்ரிக்ஸ் என்று அவ்வரலாறு நடந்து வந்திருக்கிறது. அந்த டாட் மேட்ரிக்ஸ் பொறிகள் பல இன்னும் மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. லினக்ஸ் ஏற்றிய கணிப்பொறி வந்ததும், 'இது இனி ஓடாது' என்று சொல்லி அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகின்றனர். வயதை மட்டும் கண்டு வழங்கிய அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறு. பொறி பேசும் மொழியைப் பிறர் அறிவாராயின், அது ஓடும்.

யூனிக்ஸ் பிறந்த கதையிலேயே அச்சு உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி குழுவினருக்கு 1970இல் பி.டி.பி.-11 கணிப்பொறி கிடைத்ததே, ஆவணங்களை ஒழுங்குபடுத்தி அச்சிடும் முறையொன்றை ஆக்கித் தருவதாகச் சொன்னதால்தான். 1971இல் அங்கிருந்த காப்புரிமைத் துறையினரே அதனை முதலில் பயன்படுத்தினர். அந்த அமைப்பில் கருவிகளும் கோப்புகளாகவே தோற்றம் தரும். அச்சுப்பொறியும் ஒரு கோப்பு. அதில் எழுதினால் தாளில் விழும்.

இந்த எளிமையால்தான் பழைய பொறி பிழைக்கிறது. ஒன்பது ஊசி கொண்ட எப்ஸன் பொறி ஒன்றைப் பேரலல் கம்பியாலோ, யுஎஸ்பி மாற்றுக் கம்பியாலோ இணைத்து, ஆங்கில வரிகள் சிலவற்றை அதன் கோப்புக்கு அப்படியே அனுப்பினால் ரிப்பன் உடனே தட்டத் தொடங்கும். ஆனால் தாளில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நில்லாமல், படிக்கட்டுப் போல வலப்புறம் சரிந்துகொண்டே போகும். புதுக்கவிதை என எண்ணி மகிழ வேண்டா. யூனிக்ஸ் வரி முடிவில் 'கீழே இறங்கு' என்ற ஒரே குறியைத்தான் இடும். பழைய பொறியோ 'இடக்கோடிக்குத் திரும்பு' என்ற மற்றொரு குறியையும் எதிர்பார்க்கும். அந்த இரண்டாம் குறியைச் சேர்க்கும் சிறு வடிகட்டி நிரல் ஒன்று இடையில் அமைந்தால் வரிகள் நேராகிவிடும்.

தமிழ் வரியை அவ்வாறே அனுப்பினால் வேறு விதமான விபரீதம் நேரும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளால் ஆனது. பொறிக்குள் ஐபிஎம் 437 என்னும் எழுத்துப் பலகை இருக்குமாயின், 'க' என்று அனுப்பியதற்குக் கிரேக்க ஆல்ஃபா ஒன்று, கோண மேற்கோள் குறி ஒன்று, தலைக்குறி ஏந்திய ஐரோப்பிய 'ஓ' ஒன்று என மூன்று வடிவங்கள் விழும். தமிழ்க் குறியீடுகள் யாவற்றுக்கும் முதற் பைட் ஒன்றே. ஆதலால் பக்கம் முழுதும் ஆல்ஃபாவே அணிவகுக்கும். இதைக் கண்டுதான் பலரும் பொறி பழுதென்று முடிவு கட்டுகின்றனர். பொறியில் குறையில்லை, தமிழ் வடிவங்கள் அதன் நினைவகத்தில் என்றுமே இருந்ததில்லை.

தமிழ் வடிவங்கள் இல்லாவிடினும் அதற்குப் புள்ளி வைக்கத் தெரியும். 27 என்னும் எண், அடுத்து 'கே' என்னும் ஆங்கில எழுத்து, அடுத்து எத்தனை நிரல் என்ற கணக்கு; இவற்றைப் பெற்றுவிட்டால் பின்வரும் எண்களை எழுத்தாகக் கொள்ளாமல் ஊசிகளின் அசைவாகக் கொள்ளும். இத்தகைய கட்டளைகளின் அட்டவணையை அந்நாளில் பொறியோடு வந்த கையேட்டின் பின்பக்கங்களிலேயே அச்சிட்டிருந்தனர். 1988இல் பீட்டர் டாய்ச் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட், பக்கத்தைப் புள்ளிகளாக வரைந்து தருகிறது. கப்ஸ் என்னும் அச்சு அமைப்பில் 'எப்ஸன் 9 ஊசி' எனும் வகையைத் தெரிவு செய்தால், அப்புள்ளிகள் பழைய கட்டளைகளாக மாறிப் பொறிக்குச் செல்கின்றன. கொம்பு எங்கே, கால் எங்கே என்பதையெல்லாம் கணிப்பொறியே தீர்த்துவிடும். பொறிக்குத் தமிழ் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

இனி, வயதில் இளைய பொறி ஒன்றைப் பார்ப்போம். 2005இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட் 1020, அலுவலக மேசைகளில் நன்கு பழகியது. அதற்குரிய உள்நிரலே அதனுள் நிலையாக இல்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணிப்பொறி அதனை ஊட்ட வேண்டும்; அணைத்தால் மறந்துவிடும். அது பேசும் மொழிக்குக் கையேட்டில் அட்டவணையும் கிடையாது. ரிக் ரிச்சர்ட்சன் என்பார் கம்பியில் ஓடும் பைட்டுகளைப் படித்துப் படித்து அம்மொழிக்கு லினக்ஸில் ஓர் இயக்கி எழுதினார். ஏடு சிதைந்த நூலுக்கு உரை கண்டவரின் உழைப்புக்கு அது குறைந்ததன்று. அத்தகைய ஒருவர் வாய்க்காத பொறிகள், உடலில் குறையின்றியே ஊமையாகிப் போயின.

இந்த ஊமைத்தனத்தின் மீதெழுந்த சினம் ஓர் இயக்கத்துக்கே வித்திட்டது. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தின் பழைய பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தியிருந்தார். 1980 அளவில் ஜெராக்ஸ் லேசர் பொறி வந்தது. அதன் மூலநிரல் தரப்படவில்லை. அதைக் கையில் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி மறுத்தார். 1983இல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார்.

கப்ஸின் பிற்காலமும் கருதத்தக்கது. மைக்கேல் ஸ்வீட் 1999இல் வெளியிட்ட அதனை 2007இல் ஆப்பிள் வாங்கியது. அவர் 2019இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். மூலநிரல் திறந்தே இருந்தமையால் ஓப்பன்பிரின்டிங் குழுவினர் அவரோடு சேர்ந்து பணியைத் தொடர்ந்து, 2021இல் 2.4ஆம் பதிப்பை வெளியிட்டனர். பழைய இயக்கிகளை மையத்திலிருந்து நீக்கித் தனிச் செயலிகளாக்கும் திட்டமும் அவர்களிடம் உண்டு. ஆதலால் ஓடிக்கொண்டிருக்கும் பொறியை வைத்திருப்போர், பதிப்பு மாறும்போதெல்லாம் ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம்.

அச்சின் தரத்தைப் பற்றி ஒரு சொல். ஊசிகளுக்கிடையே உள்ள தொலைவு ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஆயினும் தாளை 216இல் ஒரு பங்கு மட்டும் நகர்த்தி மும்முறை ஓடவிட்டால், 'ஞ'வின் சுழியும் 'ணை'யின் வளைவும் தெளிவாகவே விழும். அதற்கு நேரமும் பிடிக்கும், ஓசையும் மிகும். உலர்ந்த ரிப்பனை முதலில் மாற்றிவிட வேண்டும்.