‘இலீசு’ என்னும் சொல்லும் ஏமாறும் பொறியும்



ஒப்பந்த ஆவணம் ஒன்றைக் கைப்பேசியில் இட்டால், மொழியறி மென்பொருள் அதனை நொடியிற் படித்து, ‘இவ்விதி உனக்குக் கேடு’ என்று சுட்டிக்காட்டும் காலம் வந்துவிட்டது. புரியாத ஆங்கில ஆவணத்தின்கீழ்க் கண்ணை மூடிக் கையொப்பமிட்டுப் பழகிய நம் மக்களுக்கு இஃது ஒரு துணையே. வெறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அப்பொறி சொல்லை நம்பி இயங்குவது. சொல் தவறாயின் அதன் தீர்ப்பும் தவறும்.

குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர்த் தெருக்களில் ‘வீடு இலீசுக்கு’ என்னும் பலகையைக் காணாதார் உளரோ? குடிபுகுவோன் பல நூறாயிரம் உருபாவை ஒருங்கே கொடுப்பான். திங்கள்தோறும் குடிக்கூலி இல்லை. கால முடிவில் பணத்தை வட்டியின்றித் திரும்பப் பெறுவான். நம் முன்னோர் இத்தகையதை ஒற்றி என்றனர். பலகையில் ‘ஒற்றிக்கு’ என்றெழுத எவ்வளவு வண்ணம் கூடுதலாகச் செலவாகிவிடும்?

1882-ஆம் ஆண்டின் சொத்துமாற்றச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்துள்ளது. 105-ஆம் பிரிவின் ‘இலீசு’, விலையோ கூலியோ பெற்று நுகரவிடுதல். 58-ஆம் பிரிவில் வரும் ஒற்றியோ கடன். வீடு அதற்கு ஈடு. நூறு உருபாவும் அதற்கு மேலுமான ஒற்றி பதிவு செய்யப்பெற்றாலன்றிச் செல்லாது என்பது 59-ஆம் பிரிவு.

இப்போது, ‘இலீசு’ எனத் தலைப்பிட்ட, பதினொரு திங்களுக்கான, பதிவு செய்யப்பெறாத தாளைப் பொறியிடம் கொடுங்கள். தலைப்பைப் பற்றிக்கொண்டு குடிக்கூலி ஒப்பந்தமாகவே அது படிக்கக்கூடும். பெயர், காலம், தொகை யாவும் சரி எனலாம். வீட்டுடையான் அவ்வீட்டை முன்னரே வங்கியில் ஈடு வைத்திருப்பின்? 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி முறைமன்றம் ஏறாமலே ஏலம் விடலாம். மகள் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்திற்குத் தாள் ஒன்றே எஞ்சும்.

உச்ச முறைமன்றமே 2019 நவம்பரில் ‘சுவாசு’ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொணர்ந்தது. ஆயினும் தமிழில் வெளிவரும் தீர்ப்புகளின் அடியில், ஆங்கில மூலமே செல்லும் என்னும் குறிப்பு உண்டு. பொறியை ஆள்வோரே அதனிடம் முழுப்பொறுப்பையும் விடவில்லை, பாருங்கள்!

ஆதலின் பொறியிடம், ‘இஃது ஒற்றியா, குடிக்கூலியா? என் பணத்திற்கு ஈடு எது?’ என்று தமிழிலேயே கேளுங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். அதுவும் போதாது. மூல ஆவணத்தை ஒப்படைத்துப் பெறும் கடனுக்குப் பதிவு கட்டாயமன்று என்பதும் அதே 59-ஆம் பிரிவே. மூல ஆவணம் வீட்டுடையான் கையிலா, வங்கிப் பெட்டியிலா என்பது எம்மென்பொருளுக்கும் தெரியாது. கேட்டு வாங்கிக் கண்ணாற் கண்டபின் பணத்தை எண்ணுங்கள்.