ஏடும் அதைப் படிக்கத் தெரிந்தவரும்



உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதை நமக்குத் தெரியும். அவர் ஏட்டின் பொருள் தேடி அலைந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

1880 அக்டோபர் 21. கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான ஐயரைச் சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியம் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்தவற்றை அடுக்கிய ஐயரிடம் அதற்கு விடை இல்லை. பிறகு ஏடு கிடைத்தது, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. சமணக் கருத்துகள்தாம் பிடிபடவில்லை. சைவத்தில் ஊறிய அவர் அதே ஊரின் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். ஒரு வீட்டு வாசலில் மாக்கோலம், மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி படித்து முடித்த நாளாம்! நாம் மறந்த நூல் பக்கத்துத் தெருவில் வழிபாடாக வாழ்ந்துகொண்டிருந்தது, ஐயா! அவர்களிடம் பாடம் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இதேபோல, இதற்கு ஏறத்தாழ 380 ஆண்டுகள் முன்பு, ஜெர்மனியில் யோகான்னஸ் ராய்ஷ்லின் என்ற கிறிஸ்தவர், பழைய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்க யூத அறிஞர்களிடம் மாணவராக அமர்ந்தார். 1506இல் எபிரேய இலக்கணம் எழுதினார். யூதர் நூல்களைப் பறித்து அழிக்கவேண்டும் என்று குரல் எழுந்தபோது, கூடாது என்று 1510இல் பேரரசருக்கே எழுதினார்.

அங்கே பகையால் எரிக்கப் பார்த்தார்கள். நம் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பக்தியால் எரித்தார்கள். ஐயர் போய்ச் சேருமுன் பழைய ஏடுகள் ஓமத்தீயில் போயிருந்தன. எதெது போயிற்றோ! நெஞ்சு பதறுகிறது.

தப்பிய ஏடு என்ன தருகிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. நம் பழநி அருகே பொருந்தலில் 2009இலும் 2010இலும் தொல்லியலாளர் கா.ராஜன் அகழாய்வு நடத்தினார். ஈமக்குழியில் நெல்மணிகளும், பிராமி எழுத்துப் பொறித்த, பானை தாங்கும் பிரிமனையும் கிடைத்தன. அந்த ஊர்ப்பெயர் தாங்கிய புலவராக அறிஞர்கள் கருதுபவர் பொருந்தில் இளங்கீரனார். புறநானூற்றில் அவர் பாட்டு இருக்கிறது. ஐயர் 1894இல் அதை அச்சிட்டிராவிட்டால் பானை மட்டும் கிடைத்திருக்கும், பாடியவன் பெயர் கிடைத்திராது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு சுவடிக் கட்டு இருந்தால், வைத்தியமோ சோதிடமோ எதுவானாலும், ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், அவர் வீட்டுப் படியேறி அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.