நாய்க்குட்டிக் கடையும் நகர மன்றமும்

அமெரிக்காவில் ஒரு கடை நாய்க்குட்டி விற்கலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் அந்தந்த நகர மன்றமே பேசி முடிவு செய்துவந்தது. கடைக்குத் தொழில் உரிமம் கொடுப்பதும் சுகாதார ஆய்வாளரை அனுப்புவதும் அபராதம் விதிப்பதும் நகரத்தின் கையில் இருப்பதால், இந்த வழக்கு அங்கே போய் நிற்பது இயல்புதான். ஆனால் கடையில் விற்பனைக்கு இருக்கும் குட்டி அந்த நகரத்தில் பிறந்ததல்ல. மிசௌரி, அயோவா, ஒஹையோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் கிராமப்புறப் பண்ணைகளில் அது பிறக்கிறது. எட்டு வாரம் நிறைந்ததும் தரகரின் வண்டியில் ஏறி, பல நூறு மைல் கடந்து, ஏதோ ஒரு பெருநகரக் கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து சேர்கிறது. குறை சொல்லப்படுவது பண்ணையைப் பற்றி. நகரத்தின் கை எட்டுவதோ கடை வரைக்கும்தான். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த வாதத்தின் எல்லா முடிச்சுகளும் இந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கின்றன.

பண்ணைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. இரண்டு மூன்று பெண் நாய்களை வீட்டோடு வைத்து, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக் குட்டிகளை விற்பவர்களும் உண்டு. நூற்றுக்கணக்கான பெண் நாய்களை வரிசைக் கூண்டுகளில் அடைத்து, ஓய்வின்றி ஈன வைப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையைத்தான் அமெரிக்கர்கள் ‘பப்பி மில்’ என்று இகழ்ச்சியாகச் சொல்கிறார்கள். கடைகளுக்கு ஒரே நேரத்தில் பல இனக் குட்டிகள், ஆண்டு முழுவதும், தடையில்லாமல் தேவைப்படுகின்றன. வீட்டில் வளர்ப்பவரால் அப்படிக் கொடுக்க முடியாது. ஆகவே கடை வியாபாரம் பெரிய பண்ணையையும் தரகரையும் சார்ந்தே நடக்கிறது. இதை வணிகத் தரப்பும் மறுப்பதில்லை. பெரிய பண்ணை என்றாலே கொடுமைதானா என்பதில்தான் அவர்களுக்கு மறுப்பு.

பண்ணைகளைக் கண்காணிக்கச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1965-இல் பென்சில்வேனியாவில் காணாமற்போன பெப்பர் என்ற டால்மேஷன் நாய், தரகர் கைமாறி, நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனையில் இறந்துபோனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லைஃப் இதழ் நாய்த் தரகர்களின் கொட்டடிகளைப் படங்களோடு வெளியிட்டது. நாடெங்கும் கிளம்பிய கோபத்தில், 1966 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் அது ஆய்வுக்கூட விலங்குகளுக்கானது. 1970-இல் அதை விரிவாக்கி, செல்லப்பிராணிகளை மொத்தமாக விற்பவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். விலங்கு நலச் சட்டம் என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. இதை நடைமுறைப்படுத்துவது மத்திய அரசின் வேளாண்மைத் துறை. நான்குக்கு மேல் ஈனும் பெண் விலங்குகளை வைத்திருந்து, கடைக்கோ தரகருக்கோ விற்பவர் அத்துறையிடம் உரிமம் பெற வேண்டும். வாங்குபவர் நேரில் வந்து பார்த்து வாங்கும் சில்லறைக் கடைக்கு அந்த உரிமம் தேவையில்லை.

சண்டை சட்டத்தின் அளவுகோலைப் பற்றியது. நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு ஆறு அங்குலம் கூட்டி, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கூண்டுத் தரையின் குறைந்தபட்சப் பரப்பு கிடைக்கும். இரண்டடி நீள நாய்க்குக் கணக்குப் போட்டால் ஆறேகால் சதுர அடி. தலைக்கு மேல் ஆறு அங்குல இடைவெளி போதும். பாதம் உள்ளே மாட்டிக்கொள்ளாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால் தரை கம்பிவலையாகவும் இருக்கலாம். ஒரு நாய் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஆறேகால் சதுர அடியில் கழித்தாலும் அதை வைத்திருப்பவர் சட்டத்தை மீறியவர் ஆக மாட்டார். ‘எங்கள் குட்டிகள் அரசு உரிமம் பெற்ற பண்ணையிலிருந்து வருகின்றன’ என்று கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்த உரிமம் எதற்கு உத்தரவாதம் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பண்ணை இருக்கும் மாநிலத்திலேயே அளவுகோலை உயர்த்தும் முயற்சியும் நடந்தது. 2010-இல் மிசௌரி மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, ஒரு பண்ணையில் ஐம்பது இனப்பெருக்க நாய்களுக்கு மேல் கூடாது என்ற விதி குறைந்த வித்தியாசத்தில் வென்றது. நகரங்கள் ஆதரித்தன, கிராமப்புறங்கள் எதிர்த்தன. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அந்த ஐம்பது என்ற வரம்பை நீக்கிவிட்டது. ஊற்றிலேயே தடுப்பது எவ்வளவு கடினம் என்பது அதோடு தெளிவானது. விலங்கு நல அமைப்புகள் கடைவாசலில் மேலும் மும்முரமாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைவாசல் போராட்டம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரம் 2006-இல் கடைகளில் நாய், பூனை விற்பதைத் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் சவுத் லேக் தாஹோ 2009-இலும் வெஸ்ட் ஹாலிவுட் 2010-இலும் அதே வழியில் போயின. ஆல்புகர்க்கியைத் தவிர மற்றவை சிறிய ஊர்கள். தடை விதித்த ஊர்கள் பலவற்றில் அப்போது நாய்க்குட்டி விற்கும் கடையே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாத கடைக்குத் தடை போடுவதில் எந்த மன்ற உறுப்பினருக்கும் வாக்கு இழப்பு வராது. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் இறங்கியபோதுதான் நிலைமை மாறியது. நாய், பூனை, முயல் மூன்றையும் காப்பகத்திலிருந்தோ மீட்பு அமைப்பிலிருந்தோ வந்தால் மட்டுமே கடையில் வைக்கலாம் என்று அது விதித்தது. சான் டியேகோ, ஃபீனிக்ஸ், சிகாகோ என்று பெருநகரங்கள் பின்தொடர்ந்தன.

மன்றக் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வரும் நாளில் அரங்கு நிரம்பிவிடும். பேச வருபவருக்கு இரண்டோ மூன்றோ நிமிடம்தான். கடையில் வாங்கிய குட்டி ஒரு வாரத்தில் நோயில் விழுந்ததையும் மருத்துவருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்ததையும் சிலர் சொல்வார்கள். காப்பகத்தில் வேலை செய்பவர்கள் எண்களோடு வருவார்கள். ஆண்டுக்குச் சுமார் 63 லட்சம் விலங்குகள் அமெரிக்கக் காப்பகங்களுக்கு வருகின்றன, அவற்றில் சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம் கொல்லப்படுகின்றன என்பது ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு 2019-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் சொன்ன மதிப்பீடு. காப்பகத்தில் இடமில்லாமல் ஊசி போட்டுக் கொல்லும் ஊரில் வெளியூர்க் குட்டியை இறக்குமதி செய்வானேன் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் காப்பகத்தை நடத்தும் செலவும் நகரத்தின் வரிப்பணம் என்பதால், இந்தக் கேள்வி மன்ற உறுப்பினர்களின் காதில் நன்றாகவே விழும்.

கடைக்காரரின் வாதமும் இளப்பமானதல்ல. பல மாநிலங்களில் கடையில் வாங்கிய குட்டி நோயுற்றால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற சட்டம் உண்டு. கடைக்கு முகவரி இருப்பதால் அந்தச் சட்டம் அங்கே செல்லும். இணையத்தில் படம் காட்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் குட்டியைக் கைமாற்றிவிட்டுப் போகிறவரிடம் செல்லாது. கடையை மூடினால் வாங்குபவர் அங்கேதான் போவார் என்கிறார்கள் கடைக்காரர்கள். குறிப்பிட்ட இனம் வேண்டும் என்பவருக்குக் காப்பகத்தில் கிடைப்பது அரிது. ஒரு சில கெட்ட பண்ணைகளுக்காக நல்ல பண்ணையில் வாங்கும் கடையையும் சேர்த்துத் தண்டிப்பது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. தடை கேட்பவர்கள் இதற்கெல்லாம் காட்டும் பதில் பெட்கோ, பெட்ஸ்மார்ட் என்ற இரண்டு பெரிய தொடர்கடைகள். அவை நாய்க்குட்டி விற்பதில்லை. காப்பகங்களுக்குக் கடையில் இடம் கொடுத்துத் தத்தெடுப்பு முகாம் நடத்துகின்றன. தீவனத்திலும் பொருள்களிலும் காசு பார்க்கின்றன. குட்டியை விற்றே பிழைக்கும் சிறு கடைக்கு அந்த வழி எளிதல்ல. ஆனால் நாய் விற்காத நாய்க்கடை நிற்காது என்ற வாதத்துக்கு அதில் விடை இருக்கிறது.

இந்த வாதங்களுக்கு நடுவே ஒரு சுகாதாரச் செய்தியும் வந்து சேர்ந்தது. 2016 முதல் 2018 வரை 18 மாநிலங்களில் 118 பேருக்குக் கேம்பிலோபாக்டர் என்ற குடல் தொற்று வந்ததை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளோடு அதைத் தொடர்புபடுத்தியது. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமி அது. நோயுற்றவர்களில் கடை ஊழியர்களும் இருந்தார்கள்.

முழுத் தடை வேண்டாம், நல்ல பண்ணையில் மட்டும் வாங்கு என்று நடுவழி பிடித்த நகரங்களும் உண்டு. நியூயார்க் நகரம் அதில் முக்கியமானது. மத்திய உரிமம் உள்ள வளர்ப்பாளரிடம் நேரடியாக வாங்க வேண்டும், தரகர் கூடாது, ஆய்வில் பெரிய குற்றம் பதிவாகியிருக்கக் கூடாது என்று அது விதித்தது. இந்த வழியின் பலவீனம் 2017 பிப்ரவரியில் தெரிந்தது. வேளாண்மைத் துறை தன் ஆய்வறிக்கைகளை இணையதளத்திலிருந்து திடீரென எடுத்துவிட்டது. பண்ணையின் பதிவேட்டைப் பார்த்து வாங்கு என்று விதி சொல்ல, பார்க்கப் பதிவேடு இல்லாமல் போனது. நாடாளுமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகே 2020-இல் அவை முழுமையாகத் திரும்ப வந்தன.

தடைகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய நாடாளுமன்றத்தின் உரிமை என்கிறது அமெரிக்க அரசியல் சட்டம். வெளி மாநில வணிகரை ஓரங்கட்டி உள்ளூர்க்காரருக்குச் சலுகை தரும் உள்ளூர்ச் சட்டம் அதனால் செல்லாது. சிகாகோ தடையை எதிர்த்து இரண்டு கடைகளும் மிசௌரி வளர்ப்பாளர் ஒருவரும் சேர்ந்து இதையே சொன்னார்கள். நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வளர்ப்பாளரிடம் மக்கள் நேரில் போய் வாங்கிவிடுவார்கள்; தொலைவில் இருப்பவருக்குக் கடையை விட்டால் வேறு வழியில்லை; எனவே தடை வெளியூர்க்காரரை மட்டும் அடிக்கிறது என்பது வாதம். 2017-இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தடை எல்லா ஊர் வளர்ப்பாளருக்கும் பொதுவானது, யாரையும் மாநிலம் பார்த்துப் பிரிக்கவில்லை என்றது. அதே ஆண்டில் நியூயார்க் நகர விதிகளும் மேல்முறையீட்டில் நிலைத்தன.

நீதிமன்றத்தில் தோற்ற வணிகத் தரப்பு மாநிலத் தலைநகரங்களில் வென்றது. நகரத்தின் அதிகாரம் மாநிலம் கொடுத்தது. கொடுத்ததை மாநிலம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஃபீனிக்ஸ் நகரத் தடை 2015-இல் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் தப்பியது. மறு ஆண்டே அரிசோனா சட்டமன்றம் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்று சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கியது. ஒஹையோ மாநிலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. டொலீடோ, குரோவ் சிட்டி ஆகிய நகரங்களின் விதிகளை முடக்க 2016 டிசம்பரில் நிறைவேறிய மசோதாவில், நகரங்கள் தாங்களாகக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக் கூடாது என்ற விதியையும் கைபேசிக் கருவிகளைக் கம்பங்களில் பொருத்தும் விதியையும் சேவல்சண்டைக்கான தண்டனையையும் சேர்த்துத் திணித்தார்கள். நாய்க்குட்டி அங்கே ஒரு சாக்கு. நகரம் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யலாமா என்பதுதான் உண்மையான பொருள்.

தடை நிலைத்த இடத்திலும் அதைச் சுற்றிப் போகப் பாதை கண்டுபிடித்தார்கள். மீட்பு அமைப்பிலிருந்து வந்த குட்டியை விற்கலாம் என்று விதி சொன்னது. உடனே தரகர்கள் சிலர் மீட்பு அமைப்பு என்ற பெயரில் பதிவு செய்துகொண்டு, அதே பண்ணைக் குட்டிகளை ‘மீட்கப்பட்ட’ குட்டிகளாக அனுப்பத் தொடங்கினார்கள். எட்டு வார வயதுள்ள உயர்சாதிக் குட்டி, ஆயிரக்கணக்கான டாலர் விலை, பெயர் மட்டும் தத்தெடுப்பு. இப்படி நடத்தியதாக 2019-இல் அயோவா மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்கே தொடர்ந்தார். சிகாகோ 2021-இல் தன் விதியைத் திருத்தியது. கலிஃபோர்னியா இன்னும் தெளிவாகச் செய்தது. 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்த அதன் தடையில், விதியை மீறி விற்றால் ஒரு விலங்குக்கு 500 டாலர் அபராதம் என்று இருந்தது. குட்டியின் விலை அதைவிடப் பல மடங்கு. 2021 முதல் கடை நாய், பூனை, முயலை விற்கவே முடியாது. காப்பகத்துக்கு இடம் மட்டும் கொடுக்கலாம். தத்தெடுப்புக் கட்டணம் 500 டாலரைத் தாண்டக் கூடாது. லாபத்தை எடுத்துவிட்டதும் போலி மீட்புக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. இந்தச் சட்டங்களிலேயே கூர்மையானது இதுதான்.

கலிஃபோர்னியாவுக்குப் பின் மேரிலாந்து, மெய்ன், வாஷிங்டன், இல்லினாய் மாநிலங்களும் அதே வழியில் வந்தன. நியூயார்க் மாநிலத் தடை 2022 டிசம்பரில் கையெழுத்தாகி, 2024 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர மன்றங்களில் வளர்ந்த வாதம் மாநிலங்கள் கைக்குப் போய்விட்டது என்று இதைச் சொல்லலாம்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு முறுக்கேறவில்லை. 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் வியாபாரத்துக்காக வாங்கி விற்க முடியாது. வாங்குபவர் வளர்ப்பாளரிடமோ காப்பகத்திடமோதான் போக வேண்டும். வளர்ப்பாளர் குட்டியைப் பிறந்த இடத்தில், தாயோடு வைத்துக் காட்ட வேண்டும். கடைக்கும் பண்ணைக்கும் சேர்த்து ஒரே சட்டமாகப் போட அங்கே ஓர் அரசால் முடிந்தது. அமெரிக்க நகர மன்றத்துக்கு அப்படி ஒரு கை இல்லை. அமெரிக்காவில் கடைகள் மூடிய பின் வியாபாரம் இணையத்துக்கு நகர்கிறது. நேரில் பார்க்காமல் வாங்கும் விற்பனைக்கும் மத்திய உரிமம் வேண்டும் என்று வேளாண்மைத் துறை 2013-இலேயே விதித்துவிட்டது; ஆனால் அந்த உரிமத்தின் அளவுகோல் பழைய ஆறு அங்குலக் கணக்குதான். பெரிய கூண்டும் கம்பிவலை இல்லாத தரையும் கேட்கும் நாய்க்குட்டிப் பாதுகாப்பு மசோதா 2019 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டிருக்கிறது. ஆண்டுகள் பல கடந்தும் அது சட்டமாகவில்லை.