எங்கள் தளத்துக்கும் ஒரு வருகைப் பதிவேடு

(மாவட்ட அளவிலான பட்டதாரி ஆசிரியர் பயிற்சியில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகள் பலவற்றுக்கு இன்று சொந்தமாக ஓர் இணையதளம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கும் உண்டு. பெரிய தளம் இல்லை. பத்தாம் வகுப்புக்கான வினாத்தொகுப்புகளும், மெல்லக் கற்போருக்கான பயிற்சித் தாள்களும் அதில் இருக்கும். பராமரிப்பது நான்தான்.

ஒரு பொதுத் தேர்வின்போது, கணிதத் தேர்வு திங்கட்கிழமை. தேர்வறைக்கு வெளியே மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சார், ஒரு மதிப்பெண் வினாத்தொகுப்பு வெள்ளிக்கிழமையிலிருந்து திறக்கவே இல்லை சார்" என்றாள். "ஏம்மா அப்பவே சொல்லலை?" என்று கேட்டேன். "எங்க அப்பா போன்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன் சார்" என்றாள்.

அப்பா வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு அவளுக்குக் கைபேசி கிடைப்பது அரை மணி நேரம். மூன்று மாலைகள் அந்த அரை மணி நேரத்தைத் திறக்காத பக்கத்தின் முன்னால் செலவழித்திருக்கிறாள். விசாரித்தபோது வகுப்பில் பாதிப் பேர் முயன்று பார்த்திருந்தார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் கைபேசியையோ ரீசார்ஜையோதான் சந்தேகப்பட்டார்கள். நம் பிள்ளைகள் தவறு தங்களிடம்தான் இருக்கும் என்று நினைக்கப் பழகியவர்கள். அவர்கள் வந்து சொல்லும்வரை நாம் காத்திருக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

காரணம் மிக எளியது. தளத்தின் பெயர்ப் பதிவு, அதாவது டொமைன், காலாவதி ஆகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள், முதலில் பதிவு செய்த ஆசிரியரின் முகவரிக்குப் போயிருக்கின்றன. அவர் இடமாறுதலில் போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த முகவரியை நான் மாற்றவில்லை. தவறு என்னுடையது.

இதற்கு என்ன வழி? நாம் தினமும் காலையில் வருகைப் பதிவேடு எடுக்கிறோம். வராத பிள்ளை தானாக வந்து "நான் இன்று வரவில்லை" என்று சொல்லாது. பெயரைக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். தளத்தைக் கண்காணிக்கும் சேவைகள் செய்வதும் இதையேதான்.

வெளியில் இருக்கும் ஒரு கணினி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை நம் தளத்தின் முகவரியைக் கூப்பிடும். நம் சர்வர் ஓர் எண்ணைப் பதிலாகத் தரும். 200 என்றால் எல்லாம் நலம். 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் சர்வருக்குள் ஏதோ கோளாறு. 503 என்றால் இப்போதைக்குச் சேவை தர இயலவில்லை. பதிலே வராவிட்டால், இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, நம் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். தளம் மீண்டதும், எவ்வளவு நேரம் முடங்கியிருந்தது என்று இன்னொரு தகவல் வரும்.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அப்டைம் ரோபோட் என்ற சேவையின் இலவசத் திட்டம் 5 நிமிடங்களுக்கு ஒரு முறை பார்க்கிறது; 50 முகவரிகள் வரை சேர்க்கலாம். கணினியில் ஆர்வமுள்ளவர்கள் அப்டைம் கூமா என்ற கட்டற்ற மென்பொருளைத் தாங்களே நிறுவிக்கொள்ளலாம். முகவரியையும் நம் மின்னஞ்சலையும் கொடுத்தால் பத்து நிமிட வேலை.

ஆனால் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, 200 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எங்கள் பெயர்ப் பதிவு காலாவதியானபோது, அந்த முகவரியில் பதிவு நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் வந்தது. அதுவும் நல்ல பிள்ளையாக 200 என்றுதான் பதில் சொல்லும். ஒரு பையனுக்குப் பதில் இன்னொருவன் "உள்ளேன் ஐயா" சொல்வதைப் போல. ஆகவே நம் பக்கத்தில் எப்போதும் இருக்கும் ஒரு சொல்லை, பள்ளியின் பெயரையே, தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் தகவல் வரும்.

இரண்டாவது, கண்காணிப்பவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கும். கோளாறைச் சரிசெய்ய அவர்கள் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் சேர்ந்து முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. நம் தளத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்திருந்தால், எச்சரிக்கையை அந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, தகவல் இரண்டு பேருக்குப் போகட்டும். ஒருவர் இடமாறுதலில் போகலாம், விடுப்பில் இருக்கலாம். எங்கள் பள்ளியில் இப்போது எனக்கும் தலைமை ஆசிரியருக்கும் வருகிறது. அதே சமயம், ஒரு நொடித் தடங்கலுக்கெல்லாம் மணி அடிக்க வைக்காதீர்கள். 'புலி வருது' கதை ஆகிவிடும். உண்மையான எச்சரிக்கையையும் ஒதுக்கிவிடுவோம்.

நான்காவது, காலாவதி நாள்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். டொமைனுக்கு ஒரு நாள், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு நாள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் குறுகிய காலத்துக்குத்தான் செல்லும். பல இடங்களில் அது தானாகப் புதுப்பிக்கப்படும். ஆனால் அது நின்றுபோனால் சொல்ல ஆள் வேண்டும். முன்பு அந்த அமைப்பே நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பியது. 2025 ஜூன் மாதத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு ஆசிரியர் என்பதால் ஒரு கணக்கோடு முடிக்கிறேன். மாணவர் 99 எடுத்தால் கைதட்டுவோம். ஒரு தளம் 99 சதவீதம் இயங்கியது என்றால், ஆண்டில் மூன்றரை நாள்களுக்கு மேல் முடங்கியது என்று பொருள். 99.9 சதவீதம் என்றாலும் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். எங்கள் தளம் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை இல்லை. அந்த ஆண்டில் வேறு தடங்கலே இல்லை என்று வைத்துக்கொண்டால், அது 99 சதவீதத்துக்கும் மேல் வாங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது அந்த மூன்று மாலைகள்தான். சதவீதம் அதைக் காட்டாது.

அவள் தேர்ச்சி பெற்றாள், நல்ல மதிப்பெண்தான். அதில் எனக்குப் பங்கு இருப்பதாக நான் சொல்லிக்கொள்ள முடியாது. இப்போதெல்லாம் தேர்வுக் காலத்தில் எச்சரிக்கை வந்தால், முதலில் வகுப்புக் குழுவில் ஒரு வரி அனுப்புகிறேன்: "தளத்தில் கோளாறு. உங்கள் போனில் இல்லை. சரிசெய்துகொண்டிருக்கிறேன்." பிறகுதான் சர்வரைப் பார்க்கப் போகிறேன்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் பள்ளித் தளத்தின் டொமைன் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.