கட்டிலில் கிடந்து கண்டறிந்த உண்மை



2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், நம் நாட்டு எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் கஸக்ஸ்தானிலுள்ள பைக்கனூரிலிருந்து விண்கலமேறி, அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். அங்கே மனிதர் எடையின்றி மிதக்கிறார். அப்போது கண்ணுக்கு என்ன நேருகிறது? இதுவே இன்றைய பேச்சு.

ஒரு போத்தலில் பாதியளவு நீர் ஊற்றி நிறுத்துங்கள்; நீர் அடியில் நிற்கும். படுக்க வையுங்கள், கழுத்துவரை வரும். நம் உடம்பும் அப்படித்தான். நாம் நிற்கும்போது பூமியின் ஈர்ப்பு, இரத்தத்தையும் நீரையும் காலை நோக்கி இழுக்கிறது. மிதக்கும்போது அந்த இழுப்பு தெரிவதில்லை. நீர் தலைப்பக்கம் ஏறுகிறது, முகம் உப்புகிறது, கால் மெலிகிறது.

நெடுநாள் விண்வெளியில் தங்கித் திரும்பிய ஏழு வீரர்களைச் சோதித்த அமெரிக்க மருத்துவர்கள், 2011-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஐவருக்குக் கண் நரம்பின் முனை வீங்கியிருந்தது. ஐவருக்கு விழியின் பின்புறம் தட்டையாகியிருந்தது. விழி தட்டையானால் அதன் நீளம் குறையும். கிட்டத்திலுள்ள எழுத்து மங்கும்.

இதை ஆராய எல்லாரையும் விண்வெளிக்கு அனுப்ப முடியுமா? எனவே, பூமியிலேயே ஒரு வழி கண்டார்கள். 2017-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், நலமுள்ள 11 பேரை, தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் 30 நாள் கிடத்தினார்கள். உண்பதும் குளிப்பதும் படுத்தபடியே, தலையணையும் கிடையாது. விண்வெளி நிலையத்தில் உள்ளதுபோல, அறைக்காற்றில் கரியமில வாயுவையும் சற்றுக் கூட்டினார்கள். முடிவில் ஐவருக்குக் கண் நரம்பின் முனை வீங்கியிருந்தது.

இதைச் சொன்னபோது எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர், “ஏன் வாத்தியாரே, தலையணை இல்லாமப் படுத்தா கண்ணு போயிருமா?” என்று கேட்டார். போகாது பாட்டி. நாம் விடிந்ததும் எழுந்து நடக்கிறோம். ஏறிய நீர் இறங்கிவிடுகிறது. அவர்களோ இரவும் பகலும் எழாமல் கிடந்தவர்கள்.

சரி, இதனால் நமக்கென்ன பயன்? கேளுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவன் கரும்பலகையில் உள்ளதைத் தப்பும் தவறுமாக எழுதுவான். கவனமில்லாதவன் என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் பக்கத்துப் பையனின் ஏட்டைப் பார்த்து ஒரு பிழையும் இல்லாமல் எழுதினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதித்தபோது அவனுக்குக் கிட்டப்பார்வை. விண்வெளி வீரர்களுக்கு விழி குறுகியது. இவனுக்கோ விழி நீண்டிருந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டு வந்த முதல் நாள், “சார், இனி நான் கடைசி பெஞ்சிலயே உக்காந்துக்கட்டுமா?” என்றான். தவறு அவனுடையதன்று, என்னுடையது.

பெற்றோர்களே, கண் மாறும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. பிள்ளைக்குத் தானாகச் சொல்லவும் தெரியாது; எல்லாருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளும். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ஏட்டை மூக்கருகே பிடித்தால், அடிக்காதீர்கள், கண்ணைச் சோதியுங்கள். பெரியவர்களுக்கும் விடாத தலைவலியோடு பார்வை மங்கினால், தைலம் தடவிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

விண்வெளிக்குப் போகிறவருக்குப் புறப்படுமுன்னும் திரும்பியபின்னும் கண்ணைச் சோதிக்கிறார்கள். பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைக்கு ஆண்டுக்கொரு முறையாவது சோதிக்கலாம் அல்லவா?