வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

(கற்போர் மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்து, உங்களோடு உட்கார்ந்து பாடம் சொல்லும் தொண்டர். குடிக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி டாக்டர்கள் சொல்வதை நம் பேச்சில் சொல்லப் போகிறேன்.

எல்லோரும் உங்கள் வலது கையை வலது விலா எலும்பின் மேல் வையுங்கள். அதற்கு உள்ளேதான் கல்லீரல் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. நாம் உண்ணும் சோற்றின் சத்தைச் சேமித்து வைக்கிறது. உடம்புக்கு ஆகாத நஞ்சை முறிக்கிறது. காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கான பொருளையும் அதுவே செய்கிறது.

கல்லீரலுக்கு ஒரு குணம் உண்டு. பல் கெட்டால் வலிக்கும். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்தும். கல்லீரலோ பெரும்பகுதி கெடும் வரை சத்தமே போடாது. "இருபது வருஷமாகக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

கெடுதல் படிப்படியாக வருகிறது.

முதல் படி, கல்லீரலில் கொழுப்பு சேர்வது. தினமும் அதிகமாகக் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது உண்டு. குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே சரியாகத் தொடங்கும்.

இரண்டாவது படி, அழற்சி. கல்லீரல் உள்ளே புண்ணாகிறது.

மூன்றாவது படி, தழும்பு. நெருப்புச் சுட்ட இடம் ஆறினால் தழும்பு விழும். அந்த இடத்தில் முடி முளைக்காது. கல்லீரலிலும் அப்படித்தான். தழும்பு விழுந்த பகுதி வேலை செய்யாது. தழும்பு கூடிக் கூடிக் கல்லீரல் முழுவதும் இறுகிப் போவதைச் 'சிரோசிஸ்' என்கிறார்கள்.

நான்காவது படிதான் புற்றுநோய். அது எப்படி வருகிறது? நாம் பலகையைப் பார்த்து எழுதுகிறோம் அல்லவா? அவசரத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் 'பால்' என்பது 'பல்' ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து எழுதினால் அவரும் 'பல்' என்றே எழுதுவார். கல்லீரலின் செல்களும் தங்களைப் பார்த்துத் தாங்களே படி எடுத்துப் பெருகுகின்றன. புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி வரும்போது ஓயாமல் படி எடுக்க வேண்டியிருக்கிறது. தவறும் கூடுகிறது. போதாததற்கு, மதுவை முறிக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. அது மூலப் பாடத்தையே கெடுக்கிறது. தவறான செல் அடங்காமல் பெருகினால் அதுவே புற்றுநோய்.

குடிப்பவர் எல்லோருக்கும் இது வந்துவிடும் என்று சொல்லவில்லை. குடிக்காதவர்க்கும் வேறு காரணத்தால் வரலாம். ஆனால் மது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1988-லேயே அறிவித்துவிட்டது. கேடு இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது.

"நான் பீர்தானே குடிக்கிறேன்" என்பார்கள். நாம் படித்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாட்டிலின் மேல் எண் அச்சிட்டிருக்கும். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் சுத்த மது 77 மில்லி. 650 மில்லி பீரில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி. அப்படிப்பட்ட பீர் இரண்டு குடித்தால் 104 மில்லி. குவார்ட்டரை விட அதிகம்! விலை உயர்ந்த சரக்கானாலும் கள்ளானாலும் கல்லீரலுக்குள் போவது அதே மதுதான். ஒரே அளவு குடித்தாலும் பெண்களுக்குக் கெடுதல் அதிகம்.

ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற கிருமிகள் இருப்பவர் குடித்தால் ஆபத்து இன்னும் கூடும். பி-க்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கண் மஞ்சளாவது, வயிற்றில் நீர் கோப்பது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், உடம்பு இளைப்பது ஆகியவை கல்லீரல் மிகவும் கெட்ட பிறகு வரும் அடையாளங்கள். காமாலைக்குப் பச்சிலை சாப்பிட்டு, கண் வெளுத்ததும் மறுபடி கடைக்குப் போவது கெட்டதிலேயே கெட்டது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனி நிறுத்தி என்ன பயன்?" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. முதல் படியில் நிறுத்தினால் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பும். சிரோசிஸ் வந்த பிறகு நிறுத்தினாலும் ஆயுள் கூடும். புற்றுநோய் ஆபத்து மெல்ல மெல்லக் குறையும். சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி சிறியதாக இருக்கும்போதே தெரிந்தால் சிகிச்சைக்கு வழி உண்டு.

இரண்டு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும். இன்னொன்று, குடியை மறக்க வைக்கும் மருந்து என்று எதையும் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்காதீர்கள். அதன் மேல் அவர் குடித்தால் உயிர் போகலாம். 14446 என்ற இலவச எண்ணில் அரசின் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும்.

1991-இல் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பாடப் புத்தகத்தில் சாராயத்தால் குடும்பம் கெட்ட கதை ஒன்று இருந்தது. துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தார்கள், கூடிப் பேசினார்கள், ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1993-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்து, 1997-இல் தளர்ந்தது. அவர்களும் நம்மைப் போல எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும், குடிக்கிறவர் யாராயிருந்தாலும் அவரோடு சண்டை போட வேண்டாம். இந்தப் பக்கங்களை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் தயார் என்றால் மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.